மேல்வீட்டுக்காரரின் அரை நிமிடம்

கோபுரக் கிரேனின் உச்சியில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு சின்னக் கேபின். கிரேன் ஓட்டுபவர் காலையில் ஏணியில் ஏறி அதற்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டு டப்பா, தண்ணீர், ஒரு பழைய சால்வை எல்லாம் அங்கேயே இருக்கும். கட்டடம் வளர வளரக் கிரேனையும் உயர்த்துவார்கள். வாடகையே இல்லாமல் மாடிக்கு மேல் மாடி குடிபோகிற ஒரே ஆள் இவர்தான் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அப்படித்தான் 'மேல்வீட்டுக்காரர்' என்ற பெயர் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு நடந்துபோவார்.

மேல்வீடு என்று ஒன்று இருந்தால் கீழ்வீடு வேண்டாமா? கீழே நின்று சிக்னல் கொடுப்பவர்தான் கீழ்வீட்டுக்காரர். ஆள் குட்டை. குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். கேபினில் இருப்பவருக்குக் கீழே பாதி இடம் தெரியாது. கட்டடமே மறைத்துக்கொண்டு நிற்கும். அந்த மாதிரி நேரங்களில் வாக்கிடாக்கியில் வரும் குரல்தான் அவருக்குக் கண். "இறக்கு, இறக்கு, இறக்கு, மெதுவா, மெதுவா" என்று கீழ்வீட்டுக்காரர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். சும்மா வாயாடுவதற்கில்லை, அதுதான் வேலை செய்யும் முறை. 'நிறுத்து' என்று சொன்னாலும் கை நிற்க வேண்டும், பேச்சு தானாக அறுந்துபோனாலும் கை நிற்க வேண்டும். கேட்பது பாதி, கேட்காதது பாதி என்று குடும்பம் நடத்தலாம். கிரேன் ஓட்ட முடியாது.

இருபது வருடத்துக்கு மேல் இப்படியே போனது. அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியதைவிட வாக்கிடாக்கியில் பேசியதுதான் அதிகம்.

மேல்வீட்டுக்காரரிடம் ஒரு ரகசியம் இருந்தது. கட்டிய மனைவியிடம்கூட அதைச் சொன்னதில்லை. ஒரு வருடமாக, எப்போதாவது ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல மேலே எழும்பும். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது வயிற்றில் கூசுமே, அதுபோல. நெஞ்சுக்கு வந்ததும் அது கூச்சமாக இருக்காது, இனிப்பாக மாறிவிடும். கண்ணாடிக்கு வெளியே இருப்பதெல்லாம் ஏற்கெனவே ஒருமுறை நடந்ததாகத் தோன்றும். அந்த மேகம், கைப்பிடியில் உட்கார்ந்து தலையைச் சாய்க்கும் அந்தப் பறவை, தூரத்துச் சாலையில் திரும்பும் அந்த வெள்ளை வண்டி, எல்லாமே எப்போதோ பார்த்தவை. பார்த்தவை மட்டுமா, ரொம்பவும் பிரியமானவை. வெளிச்சம் கெட்டிப்பட்டு மெதுவாக வழியும். நீண்ட பயணம் போய்விட்டு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனசு ஒரு மாதிரி தளருமே, அந்தத் தளர்ச்சி உடம்பு முழுக்கப் பரவும். பிறகு வாய் உலர்ந்து, லேசான அசதியோடு, மறுபடியும் சாதாரண வெயில். அரை நிமிடம் இருக்குமா? இருக்கும்.

உயரத்தில் தனியாக இருப்பவனுக்கு ஆகாசம் கொடுக்கும் பரிசு என்று அவர் நினைத்துக்கொண்டார். பையன் சட்டைப்பையில் மிட்டாயை ஒளித்துவைத்துக்கொண்டு அடிக்கடி தொட்டுப் பார்ப்பதுபோல அதை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

பயம் வரவில்லையா என்று கேட்டால், வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் பெரிய கண்ணாடிப் பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அந்த அரை நிமிடம் வந்தது. தெளிந்தபோது வாக்கிடாக்கியில் சத்தமே இல்லை. கொக்கி நின்றிருந்தது. சாயங்காலம் கீழே இறங்கியதும் கீழ்வீட்டுக்காரர் தோளைத் தட்டினார்.

"பேட்டரி போயிடுச்சுப்பா. குரல் நின்னதும் நீ கரெக்டா நிறுத்திட்ட. நீ ஆளுய்யா!"

மேல்வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தாலும் கை வேலையை மறக்கவில்லை! அன்றைக்குப் பிறகு அந்த அரை நிமிடத்தைக் கொஞ்சம் செல்லமாகவே வரவேற்றார். அதே நாளிலிருந்து கீழ்வீட்டுக்காரர், கொக்கி அசைந்தாலே போதும், கீழே நிற்பவர்களையெல்லாம் கோழி விரட்டுவதுபோல விரட்ட ஆரம்பித்தார். வயசாகிவிட்டது, ஆள் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டார் என்று எல்லோரும் சிரித்தார்கள். மேல்வீட்டுக்காரரும் சேர்ந்துதான் சிரித்தார்.

பெரிதாக ஒன்று வந்தபோது, நல்லவேளை, அவர் தரையில் இருந்தார். விடுமுறை நாள். வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு விறைத்துச் சரிந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாக்கைக் கடித்துக்கொள்ளப் போகிறாரே என்று சமையலறையிலிருந்து மரக்கரண்டியை எடுத்துவந்து வாய்க்குள் திணிக்கப் பார்த்தாள். அது முடியவில்லை, கரண்டியின் காம்புதான் உடைந்தது. அவர் கண் விழித்தபோது தன் வீட்டையே அடையாளம் தெரியாமல் பார்த்தார். அந்தப் பார்வைதான் இழுப்பைவிட அவளைக் கலங்கடித்தது.

நரம்பு டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. கறார், ஆனால் கடுகடுப்பு இல்லை. முதலில் கரண்டிக்குத்தான் திட்டு விழுந்தது.

"வாயில எதையும் வைக்கக் கூடாதும்மா. பக்கத்துல இருக்கற சாமானை நகர்த்திட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. எவ்வளவு நேரம் இழுக்குதுன்னு கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா தூக்கிட்டு வந்துடுங்க."

ரத்தப் பரிசோதனை செய்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், குறை ஒன்றும் தெரியவில்லை. அடுத்தது ஈ.ஈ.ஜி. தலையில் ஒயர்களை ஒட்டி, மூளை ஓடும் ஓட்டத்தைக் கோடு கோடாகப் பதிவு செய்வது. அதிலும் ஒன்றும் தெரியவில்லை. மேல்வீட்டுக்காரர் துள்ளிக் குதிக்காத குறை.

"பாத்தியா! என் தலைக்குள்ள ஒண்ணுமே இல்லையாம்!"

"இதுக்கு ஒரு மெஷின் வேணுமா?" என்றாள் மனைவி. "என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

டாக்டர் சிரித்தார். சிரித்துவிட்டுத் தலையையும் ஆட்டினார்.

"ஒண்ணுமில்லன்னு இது சொல்லல. பதிவு பண்ணின கொஞ்ச நேரத்துல ஒண்ணும் வரலன்னுதான் சொல்லுது. ஜன்னல்ல நின்னு தெருவைக் கொஞ்ச நேரம் பாக்கறீங்க, யாரும் போகல. அதுக்காக அந்தத் தெருவுல ஆளே இல்லன்னு சொல்லுவீங்களா?"

மேல்வீட்டுக்காரருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். மறுபடியும் மேலே ஏறலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஏணியில் கால் வைக்கக் கூடாது என்று பாதுகாப்பு அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கேபின் இல்லாத வாழ்க்கையை மேல்வீட்டுக்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தரையில் அவருக்கு என்ன இருக்கிறது? சத்தமும் தூசியும்தான்.

"எனக்கு ஒரு விஷயம்தான் முக்கியம்," என்றார் டாக்டர். "இது முதல் தடவைதானா? இல்ல, முன்னாடியே சின்னச் சின்னதா வந்திருக்கா? கண்ணு நிலைகுத்திப் போறது, கூப்பிட்டா பதில் இல்லாம இருக்கறது, வாயைச் சப்புக்கொட்டறது, வயித்துலேருந்து என்னமோ ஏறி வர்ற மாதிரி இருக்கறது... அப்படி ஏதாவது?"

வயிற்றிலிருந்து என்றதும் அவருக்குத் திக்கென்றது. இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஆகாசம் தனக்கு மட்டும் கொடுத்தது என்று நினைத்ததை இவர் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோலச் சொல்கிறாரே!

"இல்ல டாக்டர். அப்படியெல்லாம் எதுவும் இல்ல."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். "கூப்பிட்டா பதில் சொல்லாதது கல்யாணமான நாள்லேருந்தே இருக்கு. அதைச் சேக்கலாமா?" என்றாள் அவள். கூட வந்திருந்த கீழ்வீட்டுக்காரர் பக்கம் டாக்டர் திரும்பினார். அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "அவரு மேல இருப்பாரு, நான் கீழ இருப்பேன். எனக்கென்ன டாக்டரம்மா தெரியும்?" என்றார்.

கதை சொல்லும் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சம்பளம் கொடுக்கிறவனிடம் பொய் சொல்லு, சம்பந்தி வீட்டில் சொல்லு, தொலையட்டும். டாக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அதுவும் இரண்டு பெரிய மனிதர்கள்!

டாக்டர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. இன்னொரு பதிவு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். இந்த முறை ராத்திரி தூங்காமல் வர வேண்டும். தூக்கம் கெட்டுப்போன மூளையை அந்த அறையிலேயே தூங்கவைத்தால், முதலில் பிடிபடாதது பிடிபடலாம். வீடியோவும் சேர்த்து எடுப்பார்கள். இதிலும் ஒன்றும் வராமல், சில மாதம் வலிப்பும் இல்லாமல் இருந்தால் சான்றிதழைப் பற்றி யோசிக்கலாம்.

அவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டாள். தன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் தனக்குச் செய்த துரோகத்தை விடிய விடிய வரிசையாகச் சொன்னாள். யாரால் தூங்க முடியும்? காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்தவள், வாயைத் திறந்துகொண்டு அடித்துப்போட்டதுபோலத் தூங்கிவிட்டாள். எழுப்ப மனமில்லாமல் கீழ்வீட்டுக்காரர்தான் துணைக்கு உள்ளே போனார்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. பச்சைத் திரை. ஏசியின் மெல்லிய முனகல். டெக்னீஷியன் பெண் அளக்கும் நாடாவை அவர் தலையில் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்து, வண்ணப் பென்சிலால் புள்ளி வைத்தாள். ஒவ்வொரு புள்ளியையும் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை தடவி, ஒயர் நுனியிலிருந்த சின்ன உலோக வட்டை ஒட்டினாள்.

"தலைக்குக் குளிச்சு, எண்ணெய் வைக்காம வந்தீங்களா சார்?"

"எண்ணெய் வைக்க முடி வேணுமேம்மா."

சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒயர்கள் பின்னலைப்போலப் பின்னால் தொங்கின. கீழ்வீட்டுக்காரர் சுற்றி வந்து பார்த்தார். "எல்லாம் கட்டியாச்சு. கொக்கி மட்டும்தான் பாக்கி. தூக்கிடலாமா?"

டெக்னீஷியன் வாய்விட்டுச் சிரித்தாள். படுக்கவைத்து, கண்ணைத் திற, மூடு என்றாள். மூன்று நிமிடம் மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொன்னாள். மூடிய கண்ணுக்கு முன்னால் விளக்கைச் சிமிட்டிக் காட்டினாள். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் விளக்கைக் குறைத்து, "இனிமே தூங்குங்க சார்" என்றாள். இப்படி ஒரு உத்தரவை அவர் வாழ்நாளில் யாரும் போட்டதில்லை.

தூக்கம் அடி அடியாக இறங்கியது. படுக்கை கேபினானது, ஏசியின் முனகல் காற்றானது. மேகங்கள் கண்ணாடியில் உரசிக்கொண்டு போயின. கைநீட்டினால் தொடலாம். யாரோ மேகத்தைப் பஞ்சுபோலப் பிரித்துப் பிரித்து அடுக்கினார்கள். கட்டடங்கள் கீழே, ரொம்பக் கீழே, யாரோ விளையாடிவிட்டு எடுத்துவைக்க மறந்தவைபோலக் கிடந்தன. அவர் இறங்கவே வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் அப்படி மிதந்தாரோ, பச்சைத் திரை மறுபடி கண்ணில் பட்டது.

பட்டதும், வயிற்றில் அது எழும்பியது.

ஐயோ, இங்கே வேண்டாம், இப்போது வேண்டாம் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் அது நெஞ்சுக்கு வந்துவிட்டது. வந்த பிறகு யார் வேண்டாம் என்பார்கள்? இந்தத் திரையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இந்தப் பெண்ணும் எழுந்து வருவாள், வருகிறாள். எல்லாம் தெரிந்ததுதான். எல்லாம் என்னுடையதுதான். வெளிச்சம் வழிந்தது.

டெக்னீஷியன் அவர் முகத்துக்கு நேரே குனிந்திருந்தாள்.

"சார், நான் ஒரு வார்த்தை சொல்லி ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, என்ன அது?"

"நீ எப்பம்மா சொன்ன? இப்பத்தானே எழுந்து வந்த!"

சுவரோரமாக நின்ற கீழ்வீட்டுக்காரர் பேயறைந்ததுபோல இருந்தார். கையில் இல்லாத வாக்கிடாக்கியை அவர் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன.

ஒயர்களைக் கழற்றியதும் டாக்டர் நண்பர்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். ஒரு பக்கம் கோடுகள், ஒரு பக்கம் வீடியோ.

"இங்க பாருங்க. சந்தையில ஆளாளுக்கு அவங்கவங்க பேச்சைப் பேசிக்கிட்டிருக்கற மாதிரி இருக்கா? அப்படித்தான் இருக்கணும். இப்ப இந்த இடம், வலது காதுக்கு மேல. இங்க மட்டும் எல்லாரும் ஒரே குரல்ல கத்த ஆரம்பிக்கறாங்க. அது அப்படியே பரவுது பாருங்க."

மேல்வீட்டுக்காரர் கோடுகளைப் பார்க்கவில்லை. வீடியோவில் படுத்திருந்த மனிதனைப் பார்த்தார். அவன் கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. வாய் எதையோ சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான அரை நிமிடத்துக்கு வெளியிலிருந்து பார்த்தால் முகம் இதுதானா? டெக்னீஷியன் பெண், "சார், உங்க பேர் என்ன? 'மஞ்சள் குடை', இதை ஞாபகம் வெச்சுக்குங்க. கையைத் தூக்குங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் அதில் ஒரு சொல்லைக்கூடக் கேட்டதில்லை. பிறகு அவளையும் மீறி இன்னொரு குரல். இருபது வருடமாகக் காதிலேயே குடியிருந்த குரல். பதற்றத்தில் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துபோய்க் கத்தியது.

"நிறுத்து! நிறுத்து! மேல்வீடு, நிறுத்து! நிறுத்து!"

படுக்கையில் இருந்தவனின் இடது கை மரக்கட்டையாகக் கிடந்தது. வலது கை மட்டும் போர்வையைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. 'நிறுத்து' என்று கேட்கக் கேட்க, நிதானமாக, கொஞ்சமும் நிற்காமல்.

"இந்த மாதிரி நேரத்துல கை எதையாவது செய்யும். அதுக்கு அர்த்தம் எதுவும் பாக்க வேண்டாம்," என்றார் டாக்டர்.

டாக்டருக்கு அர்த்தம் இல்லாமல் இருக்கலாம். வலது கை லீவரை முன்னால் தள்ளினால் கொக்கி இறங்கும். மேல்வீட்டுக்காரர் மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க," என்றார் டாக்டர் மெதுவாக. "இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

'இல்லை' என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இதுதான் முதல் தடவை என்று இன்னமும் சொல்லலாம். அவர் டாக்டரைப் பார்க்காமல் பக்கத்தில் திரும்பினார்.

"அன்னிக்குக் கண்ணாடி இறக்கறப்ப பேட்டரி போச்சுன்னு சொன்னியே."

கீழ்வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "போகல."

"நிறுத்துன்னு சொன்னியா?"

"தொண்டை கிழியக் கத்தினேன். நீ பாட்டுக்கு இறக்கிக்கிட்டே இருந்த. ரெண்டு மாடி தாண்டி வந்துச்சு. அப்பறம் நீயா நின்ன. நீ தூங்கிட்டன்னு நெனச்சேன்பா. வெளிய சொன்னா உன்னை இறக்கி விட்டுருவாங்க. இறங்கிட்டா நீ என்ன ஆவேன்னு எனக்குத் தெரியாதா?"

"ஒரு தடவைதானா?"

"அதுக்கப்பறம் ரெண்டு தடவை."

"கீழ யாரு நின்னா?"

"யாரையும் நிக்க விடல. எல்லாரையும் விரட்டிட்டேன்."

"நீ?"

கீழ்வீட்டுக்காரருக்குக் கேள்வியே விளங்காததுபோல இருந்தது. "நான் நகர்ந்துட்டா உனக்கு யாருய்யா சொல்லுவா?"

மேல்வீட்டுக்காரர் அழுதார். ஆஸ்பத்திரி, டாக்டர், தலையில் பாதி காய்ந்த பசை என்று எதையும் பார்க்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்கு உள்ளே வெளிச்சம் தேனாக வழிந்த அதே அரை நிமிடத்தில், இந்தக் குட்டை மனிதன் இறங்கி வரும் சுமைக்கு அடியில் அண்ணாந்து பார்த்தபடி நின்று கத்தியிருக்கிறான். அதுவும் மூன்று தடவை. போதாததற்கு, சாயங்காலம் தோளைத் தட்டி 'நீ ஆளுய்யா' என்று வேறு சொல்லியிருக்கிறான். முட்டாள்! இதைவிட அன்பான முட்டாளை எங்கே போய்த் தேடுவது?

அழுகை அடங்கியதும் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"முதல் தடவை இல்ல டாக்டர். ஒரு வருஷமா வருது."

சொன்னார். ஊஞ்சல், மேகம், பறவை, பிரியம், எதையும் விடவில்லை. நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த மனைவி பாதியில் எழுந்துவந்து வாசலில் நின்றாள். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, அந்த இனிப்புதான் வலிப்பின் தொடக்கம் என்றார். மாத்திரை இருக்கிறது, நிறையப் பேருக்கு நன்றாகவே கட்டுப்படுகிறது, வேலை பார்க்கலாம், ஆனால் தரையில்தான். மேலே ஏறுவதற்குச் சான்றிதழ் தர முடியாது.

"அது வேணாம் டாக்டர். நீங்க குடுத்தாலும் நான் ஏற மாட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "மாத்திரை போட்டா... அந்தச் சந்தோஷமும் வராதா?"

டாக்டர் அவசரப்படவில்லை. "அதுவும் வராம இருக்கணும்னுதான் மாத்திரை."

மேல்வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே வானம் வெறுமனே இருந்தது. இனி அது எல்லோருக்கும் தெரிகிற வானம்தான். பக்கத்து நாற்காலியில் கீழ்வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மேல்வீட்டுக்காரர் அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

"எழுதுங்க டாக்டர்," என்றார். "இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சுடறேன்."